'ஷல்': எதிர்காலமா, கட்டளையா? மலையகத்தை ஆண்ட ஒரு வினைச்சொல்

இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம், அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பிரசை என்றொரு தகுதி உண்டு என்று அதன் தொடக்கம் நிறுவுகிறது. அந்தத் தகுதி யாருக்கு என்பதை 4ஆம் பிரிவு சொல்கிறது. அன்றைய திகதிக்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவருக்குத் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குத் தென்னிந்தியாவிலுள்ள சொந்த ஊருக்குப் போய் வந்த குடும்பங்களும், பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மக்களும் இந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றியிருக்க முடியும்? ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள்.

அந்த ஆங்கில வாசகங்களைத் தாங்கி நிற்கும் வினைச்சொல் 'ஷல்'. தகுதி உண்டாவதும், அது ஒருவருக்குக் கிடைப்பதும் ஷல் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூட இலக்கணம் இதை எதிர்கால வினை என்று சொல்லித் தருகிறது. 'நான்', 'நாங்கள்' என்பவற்றோடு ஷல், மற்றவற்றோடு 'வில்' என்பது நம்மில் பலர் ஒப்புவித்த பாடம். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? அது நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை. இன்று, இந்த நொடியில், ஒருவரை உள்ளேயும் இன்னொருவரை வெளியேயும் நிறுத்துகிறது. இந்தச் சொல் காலத்தைக் காட்டுகிறதா, கட்டளையைக் காட்டுகிறதா, வாக்குறுதியைக் காட்டுகிறதா என்ற கேள்வியில் இலக்கணக்காரரும் நீதிபதிகளும் சட்ட வரைஞர்களும் சில நூற்றாண்டுகளாக உடன்படவில்லை. அந்தக் கேள்விக்கு வாழ்க்கையையே விலையாகக் கொடுத்த மக்கள் என்ற முறையில் மலையகத்தார் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

இலக்கணக்காரரிடமிருந்து தொடங்கலாம். தமிழில் வினையோடு வகரமோ பகரமோ சேர்ந்து எதிர்காலம் பிறக்கிறது: செய்வான், நடப்பாள். ஆங்கில வினைக்கு அப்படியோர் எதிர்கால இடைநிலை கிடையாது. இறந்த காலத்துக்கு வடிவம் உண்டு, நிகழ்காலத்துக்கு உண்டு; எதிர்காலத்துக்குத் துணைவினையை இரவல் வாங்க வேண்டும். அதனாலேயே ஆங்கிலத்தில் எதிர்காலம் என்ற காலமே இல்லை என்று டேனிய அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் முதல் 2002இல் கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தை எழுதிய ஹடில்ஸ்டனும் புல்லமும் வரை பலர் வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஷல்லும் வில்லும் காலத்தைக் காட்டுபவை அல்ல. பேசுபவரின் மனநிலையைக் காட்டுபவை.

பள்ளிக்கூடத்து விதி ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயரிடமிருந்து வருகிறது. 1653இல் லத்தீனில் அவர் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் அந்த விதி இருக்கிறது. தன்மையில் ஷல் வெறும் முன்னறிவிப்பு, வில் வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும். அதாவது 'அவன்' என்பதோடு ஷல் வந்தால் பேசுபவர் அவனைக் கட்டுப்படுத்துகிறார். சட்டங்கள் எல்லாம் படர்க்கையில் எழுதப்படுபவை என்பதை நினைத்தால் சட்டத்தின் ஷல் ஏன் கட்டளையாக ஒலிக்கிறது என்பது விளங்கும்.

இந்த விதி இங்கிலாந்து முழுவதற்கும்கூட உரியதாக இருந்ததில்லை. 1906இல் ஆங்கில நடையைப் பற்றி நூல் எழுதிய ஃபவுலர் சகோதரர்கள், இந்த வேறுபாடு தென் இங்கிலாந்தாருக்கு இயல்பாக வருவது, மற்றவர் கற்றுத் தேறுவது அரிது என்று கருதினார்கள். ஸ்கொட்லாந்தில் எல்லாவற்றுக்கும் வில்தான். இது மலையகத்துக்கு நெருக்கமான செய்தி. 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரிலிருந்து வந்தவர். ஸ்ட்ராத்ஸ்பே, ஸ்ட்ராத்டன், ஹோலிரூட், எடின்பரோ என்று அந்த நாட்டுப் பெயர்களைத் தோட்டங்கள் இன்றும் சுமக்கின்றன. பிரட்டுக்களத்தில் நின்று வேலை ஏவிய துரைமாரில் பலருக்கு ஷல் வாய்மொழியில் இல்லாத சொல். தொழிலாளரை அவர்களோடு பிணைத்த கொழும்புச் சட்டங்களோ அந்தச் சொல்லாலேயே ஆனவை.

அப்படிப்பட்ட சட்டங்களுள் முதன்மையானது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். வாய்மொழியாக வேலைக்கு அமர்ந்த ஒருவரின் ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு உரியதாகவும் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவதாகவும் கொள்ளப்படும் என்று அது சொன்னது. இங்கே ஷல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். நடந்திராத ஒன்றை நடந்ததாகக் கொள்ளச் செய்கிறது. தொழிலாளி ஒரு மாத ஒப்பந்தத்துக்கு இணங்கியதே இல்லை. ஆனாலும் இணங்கியவர் ஆகிறார். நியாயமான காரணமின்றி வேலையை விட்டுப் போனால் சிறை. கூலி தொடர்பான ஒரு தகராறு இப்படிக் குற்றவியல் வழக்கானது.

இந்த இடத்தில் சொல்லின் பிறப்பைப் பார்ப்பது பயன் தரும். பழைய ஆங்கிலத்தில் ஷல்லின் மூல வடிவத்துக்குக் 'கடன்பட்டிருக்கிறான்' என்று பொருள். கொடுக்க வேண்டிய பணம் செய்ய வேண்டிய கடமையாகி, கடமை பின்னர் நடக்கப்போகும் காரியமானது. வில்லின் மூலம் விருப்பம். விரும்புவது வாக்குறுதியாகி, வாக்குறுதி எதிர்காலமானது. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது என்பது உண்மை. ஆனாலும் தமிழோடு ஒப்பிடும்போது ஒன்று புலப்படுகிறது. தமிழிலும் கடன் என்றால் கொடுக்க வேண்டியதும் கடமையும்தான். அதே வேரிலிருந்து கடவன், கடவது, கடப்பாடு என்பன வந்தன. கோயில் விளக்கை அணையாமல் எரிக்க ஊர்ச் சபையார் ஏற்றுக்கொண்ட பொறுப்பைச் சோழர் கல்வெட்டுகள் 'கடவோம்' என்று பதிந்தன. வட்டியும் முதலும் கொடுக்கக் கடவேன் என்று கடன் பத்திரங்கள் எழுதின. பழைய வேதாகமத் தமிழிலும் இந்தச் சொல் நிறைய உண்டு. ஷல்லுக்குப் பொருளிலும் பிறப்பிலும் இத்தனை நெருங்கிய சொல் தமிழில் இருந்தும், இலங்கைச் சட்டத் தமிழ் அதை எடுத்துக்கொள்ளாமல் 'வேண்டும்' என்ற சொல்லைத் தேர்ந்தது. வேண்டு என்பதற்கு அடிப்பொருள் விரும்பு என்பது.

கடன் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இன்னொரு முகமும் இருந்தது. பெரிய கங்காணியிடம் முற்பணம் வாங்கி வந்தவர் அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் இவ்வளவு, இதைத் தீர்த்தால் ஆளை விடலாம் என்று எழுதிய 'துண்டு' கையில் இருந்தால்தான் அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை கடனும் கட்டளையும் ஒரே தாளில் இருந்தன. ஷல்லின் வரலாற்றை மொழியியல் நூல்களில் படிப்பவர்களுக்கு அது பழங்கதை. நம்முடைய பாட்டன்மாருக்கோ அது அன்றாட வாழ்க்கை.

சட்டத்தின் ஷல் எப்போதும் பறிக்கும் சொல்லாக மட்டும் இருந்ததில்லை, காக்கவும் எழுதப்பட்டது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடைகளுக்கு ஒரு சமூகத்தவரை மட்டும் உள்ளாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது என்றது. இரண்டும் ஷல் வாசகங்கள்தாம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா ஆகியோர் அவ்வாறு பாராளுமன்றம் சென்றவர்கள். 1948இல் குடியுரிமையும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் போயின. 29ஆம் பிரிவை நம்பிக் கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு எழுந்தது. கேகாலையில் வாக்காளர் பதிவை விசாரித்த என். சிவஞானசுந்தரம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதை மாற்றியது. அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்த மாற்றத்தை 1953இல் உறுதி செய்தது. தன் பிரசைகள் யார் என்று முடிவு செய்வது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான அதிகாரம் என்பதும், அதனால் இந்தச் சட்டம் ஒரு சமூகத்தை அச்சமூகம் என்பதற்காகத் தடைக்குள்ளாக்கவில்லை என்பதும் அவர்கள் காரணம்.

இரண்டு ஷல்கள் மோதின. பறித்த ஷல் நின்றது, காக்க எழுதிய ஷல் விழுந்தது. இலக்கணத்தில் இரண்டுக்கும் ஒரே வலிமை. நீதிமன்றத்தில் வலிமையைத் தீர்மானித்தது சொல் அன்று, அதைப் படித்தவர்கள் எதை நோக்கமாகக் கொண்டார்கள் என்பதே. இந்த ஒரு வழக்கே, ஷல் என்றாலே கட்டாயம் என்று நம்புவோருக்குப் போதிய மறுப்பு.

இனிப் பரிகாரம் எந்தச் சொல்லில் வந்தது என்று பாருங்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடியுரிமையற்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும், மீதி 1,50,000 பேரின் கதி தனியொப்பந்தத்தில் முடிவாகும் என்பது அதன் சாரம். முடிக்கப் பதினைந்து ஆண்டுகள். இந்த வாசகங்களின் முக்கிய வினைச்சொல் ஷல் அன்று, வில். குறிக்கோளைச் சொல்லும் இடத்தில் 'ஷுட்' வருகிறது. பறிக்கும்போது கடன் சொல். திருப்பிக் கொடுக்கும்போது விருப்பச் சொல். இரு அரசுகளுக்கு இடையிலான கடித வழக்கு அப்படித்தான் என்று கூறலாம், அதுவும் சரியே. ஆனால் விளைவும் சொல்லுக்கு ஏற்பவே அமைந்தது. 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் மீதி 1,50,000 பேரைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பதினைந்து ஆண்டுக் கெடு 1979இல் முடிந்தபோது வேலை முடியவில்லை. 1984இல் இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுடைய எதிர்காலம் எந்த மொழியின் எதிர்கால வினையிலும் அடங்கவில்லை.

கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும், இலங்கையில் வாழும் அவர்களின் சந்ததியினருக்கும் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து குடியுரிமை வழங்கப்படும் என்று அது எழுதப்பட்டது. அங்கே மறுபடியும் ஷல். 1948இல் ஒரு சொல்லால் நொடியில் பறித்ததை அதே சொல்லால் நொடியில் கொடுக்க முடியும் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நிரூபணமானது. அந்த ஆண்டுகள் தேவையற்றவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனித் தமிழ்ப் பிரதிகள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது. 1978 அரசியலமைப்பின் கீழ் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படுகின்றன, ஆங்கிலம் மொழிபெயர்ப்பாக நிற்கிறது. ஆனாலும் தமிழ் வாசகம் ஆங்கில வரைவின் நிழலிலேயே நடக்கிறது. ஷல் வரும் இடமெல்லாம் 'தல் வேண்டும்' வருகிறது. 'ஆதல் வேண்டும்', 'செய்தல் வேண்டும்', 'நிற்றல் வேண்டும்' என்று அடுக்கடுக்காக. கடமையைச் சொல்லும் இடத்தில் இது பொருத்தம். தொழில்கொள்வோர் பதிவேடு வைத்திருத்தல் வேண்டும் என்றால் எவருக்கும் புரியும். நிலையை நிறுவும் இடத்திலோ இது பொருளைக் கெடுத்துவிடுகிறது.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதன் தமிழ் வாசகம் 'ஒன்றாதல் வேண்டும்' என்று முடிகிறது. சாதாரணத் தமிழ் வாசகர் இதைப் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார்? தமிழ் இன்னும் அரசகரும மொழி ஆகவில்லை, இனி ஆக வேண்டும் என்றுதான். சிங்கள வாசகம் 'வன்னேய' என்று முடிகிறது. அது நிலையைச் சொல்வது. 'தமிழும் ஓர் அரசகரும மொழியாகும்' என்று எழுதியிருந்தால் ஐயமே இல்லை. நுவரெலியா, அம்பகமுவ உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டும், தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவது நின்றபாடில்லை. அதற்குக் காரணம் ஆட்பற்றாக்குறையும் மனமின்மையும். ஒரு வினைமுற்று அன்று. ஆயினும் ஓர் உரிமையைக் கேட்கப் போகிறவர் கையிலிருக்கும் வாசகமே அதை வேண்டுதலாக ஒலிக்கச் செய்தால் அவர் குரலும் தாழ்ந்துதானே போகும்?

அதைவிடக் கூர்மையானது சட்டங்களின் வழக்கமான கடைசிப் பிரிவு. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும் என்று அது சொல்கிறது. 'வேண்டும்' என்பது தெளிவாகவும் ஐயமின்றியும் செயல்படும் இடம் இது.

பேச்சுத் தமிழின் எதிர்காலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது வழக்கத்தையும் குறிக்கும். 'பத்தாந்தேதி சம்பளம் போடுவாங்க' என்றால் இந்த மாதமும் போடுவார்கள், மாதந்தோறும் போடுவது வழக்கம் என்று இரண்டும் அதில் உண்டு. நம்பிக்கையை உள்ளடக்கிய இந்த எதிர்காலத்தை மேடைகள் நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. ஆயிரம் ரூபா நாட்கூலி பல ஆண்டுகள் 'பெற்றுத் தருவோம்' என்ற வடிவில் மட்டும் இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் வர்த்தமானியில் வெளியான பிறகே அது செலுத்தியாக வேண்டிய தொகை ஆனது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபா, வர்த்தமானி வரை போயும் கம்பனிகளின் எதிர்ப்பாலும் வழக்காலும் நிற்கவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. மேடையின் 'தருவோம்' வில் வகை. வர்த்தமானியின் 'செலுத்துதல் வேண்டும்' ஷல் வகை. முன்னதை மீறினால் அடுத்த தேர்தலில் கேட்கலாம், பின்னதை மீறினால் நீதிமன்றத்தில் கேட்கலாம். கொழுந்தின் நிறை எட்டாத நாளில் 'அரைப் பேர்', அதாவது அரைநாள் கூலி, போடும் தோட்டத்தில் இந்த வேறுபாடு தெரிந்த தொழிலாளிக்கும் தெரியாத தொழிலாளிக்கும் கிடைப்பது ஒன்றாக இராது.

உலகின் பிற பகுதிகளிலும் இந்தச் சொல் சிக்கலாகவே இருந்திருக்கிறது. 1957இல் மன்போதன் லால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 320ஆம் உறுப்புரையில் உள்ள ஷல் கட்டாயமானது அன்று, வழிகாட்டுவது மட்டுமே என்றது. அரசு ஊழியர் ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கத் தவறியதால் நடவடிக்கை செல்லாமல் போகாது என்பது அதன் முடிவு. 2015 டிசம்பர் 12ஆம் திகதி பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் நிறைவேறும் கடைசி மணிகளில், வளர்ந்த நாடுகளின் கடப்பாட்டைச் சொன்ன ஒரு ஷல்லை ஷுட் ஆக மாற்ற அமெரிக்கா வற்புறுத்தியது. ஷல் நின்றிருந்தால் சட்டப்படி கட்டுண்டுவிடுவோம் என்ற கவலை. அது அவ்வாறே மாற்றப்பட்டது. சட்ட வரைஞர் பலர் இந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டார்கள். தென்னாபிரிக்காவின் 1996 அரசியலமைப்பு கடமைகளை 'மஸ்ட்' என்று எழுதுகிறது. அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் புதிய சட்டங்களில் ஷல்லைத் தவிர்க்கின்றன. கடமைக்கு மஸ்ட், நிலைக்கு நிகழ்கால வினை, பின்னர் நடப்பதற்கு வில் என்று பிரித்து எழுதுகிறார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் என் முடிவு இது. பேச்சு ஆங்கிலத்தில் ஷல் எதிர்காலத் துணைவினையாகத் தேய்ந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூட விதியை மனப்பாடம் செய்விப்பதில் பயனில்லை. சட்ட ஆங்கிலத்தில் அது மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது: ஒரு நிலையை நிறுவுகிறது, ஒரு கடமையைச் சுமத்துகிறது, ஒரு காரியத்தை முன்கூட்டிச் சொல்கிறது. மூன்றுக்கும் தமிழில் தனித்தனி வினைமுற்றுகள் உண்டு. நிறுவ 'ஆகும்', சுமத்த 'வேண்டும்', முன்கூட்டிச் சொல்லத் திகதியோடு கூடிய எதிர்காலம். ஒன்றையே மூன்றுக்கும் வைப்பது மொழிக்கு இல்லாத வறுமையை அதன் மேல் ஏற்றுவது.

சட்ட வரைஞர் திணைக்களத்தில் தமிழ் வரைவைச் செய்வோர் இந்த மாற்றத்தை அடுத்த சட்டமூலத்திலேயே தொடங்கலாம். எந்தத் திருத்தமும் அதற்குத் தேவையில்லை. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் உயர்தர மாணவர்களுக்கு ஒரு பாட வேளையை ஒதுக்கி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவையும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படிப்பிக்க வேண்டுகிறேன். வீட்டுறுதி, காணி, சம்பளம் என்று எந்தத் தாள் கையில் வந்தாலும், கையெழுத்திடுவதற்கு முன் அதன் வினைச்சொல் எது, எந்தத் திகதி, யாருடைய கடமை என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.